மின்கம்பி எட்டாத மலைத்தோட்டத்தில் மின்கார்: சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது

மிளகுக்கொடி · ஜனவரி 9, இரவு 8:40

வணக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று, தாண்டிக்குடிக்கு அப்பால் இருக்கும் எங்கள் காப்பித் தோட்டத்திலேயே நிரந்தரமாகக் குடியேறிவிட்டோம். தோட்டத்துக்கு மின்கம்பி கிடையாது. நடுவே வனத்துறை நிலம் இருப்பதால் இந்தப் பிறவியில் வரும் என்றும் தோன்றவில்லை. ஆறு ஆண்டுகளாகச் சோலாரில்தான் வாழ்க்கை. 545 வாட் பேனல் ஆறு, 48 வோல்ட்டில் ஓடும் 5 கேவிஏ இன்வெர்ட்டர், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் ஈய பேட்டரி நான்கு. ஃப்ரிட்ஜ், விளக்குகள், ஒரு குதிரைத்திறன் மோட்டார் எல்லாம் சேர்ந்து நாளுக்கு நான்கு யூனிட் போல ஆகிறது.

போன மாதம் 24 கிலோவாட்-ஹவர் டியாகோ மின்கார் வாங்கினேன். வாரத்துக்கு இரண்டு முறை வத்தலக்குண்டு போய்வருவேன், போகவர 90 கிலோமீட்டர். காருடன் கொடுத்த 15 ஆம்பியர் பிளக் சார்ஜரை வீட்டில் மாட்டினால் உடனே சிவப்பு விளக்கு, எர்த் இல்லையாம். எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியும் சிவப்புதான். பக்கத்து ஊர் எலக்ட்ரீசியன் ஏதோ செய்து ஒருநாள் ஓடவைத்தார். மாலை நான்கு மணி, மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கியிருந்தது. இருபது நிமிடத்தில் இன்வெர்ட்டர் கத்திவிட்டு மொத்த வீட்டையும் அணைத்துவிட்டது. இது முடிகிற காரியம்தானா?

வயரிங் மாரி · ஜனவரி 9, இரவு 9:15

ஐயா, இதற்கு எர்த் குழியே தேவையில்லை. பிளக்கைத் திறந்து நியூட்ரல் முனைக்கும் எர்த் முனைக்கும் ஒரு துண்டு வயர் போடுங்கள். பச்சை விளக்கு எரிந்துவிடும். உங்கள் எலக்ட்ரீசியனும் அதைத்தான் செய்திருப்பார். நானே நான்கு வீடுகளில் செய்து கொடுத்திருக்கிறேன், இதுவரை ஒரு புகாரும் இல்லை.

ஓம்விதி58 · ஜனவரி 9, இரவு 10:02

மாரி, அந்த நான்கு வீட்டுக்கும் நாளைக்கே போய் அந்த வயரை எடுத்துவிடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை, காரணத்தைக் கேளுங்கள்.

பிளக்குக்குள் அந்த வயர் இருக்கும்போது சுவரில் நியூட்ரல் கம்பி எங்கேயாவது விட்டுப்போகிறது என்று வையுங்கள். சார்ஜருக்குள் வரும் பேஸ், உள்ளே சுற்றி, நியூட்ரல் முனைக்கு வந்து, உங்கள் துண்டு வயர் வழியாக எர்த் கம்பியில் ஏறிவிடும். எர்த் கம்பி காரின் உடம்போடு சேர்ந்தது. ஈரப் புல்லில் செருப்பில்லாமல் நிற்கும் ஒருவர் கதவைத் தொட்டால் போதும். சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் இன்னும் மோசம், மாட்டிய நொடியே கார் முழுக்கக் கரண்ட். மின்கசிவைக் கண்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். இவர் வீட்டில் வேறெங்கும் நியூட்ரல் எர்த்தோடு சேரவில்லை. ஆகவே கசிகிற மின்சாரம் அந்தத் துண்டு வயர் வழியாக மறுபடி நியூட்ரலுக்குள்ளேயே புகுந்து ஆர்சிசிபிக்குத் திரும்பிவிடும். போனது எவ்வளவோ அவ்வளவு வந்தது என்று அது கணக்குப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும்.

மிளகுக்கொடி ஐயாவுக்கு: உங்கள் குழியில் குறையில்லை. மின்வாரிய இணைப்புள்ள வீட்டில் டிரான்ஸ்பார்மர் பக்கமே நியூட்ரலை மண்ணோடு சேர்த்திருப்பார்கள். உங்கள் இன்வெர்ட்டருக்கு அப்படி ஒரு மண்ணும் இல்லை, அதன் இரண்டு கம்பிகளும் அந்தரத்தில் மிதக்கின்றன. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறத்தாழ 110 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அதே 110 என்று காட்டினால் நான் சொல்வது சரி. கார் சார்ஜர் ‘எர்த் எங்கே’ என்று தேடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அநேகமாகப் பூஜ்யம் இருக்க வேண்டும். அது இல்லாததால்தான் சிவப்பு.

மிளகுக்கொடி · ஜனவரி 10, காலை 7:30

பார்த்தேன். 112, 118. அப்படியானால் நான் ஒரு மாதமாகக் குழிக்கு ஊற்றிய தண்ணீரெல்லாம் பக்கத்து ஆரஞ்சு மரத்துக்குத்தான் போயிருக்கிறது. மரம் நன்றாக இருக்கிறது.

ஓம்விதி58 · ஜனவரி 10, காலை 9:05

வீணில்லை, இடிக்கு அந்தக் குழி வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். இன்வெர்ட்டர் வெளியே விடும் இடத்தில், ஆர்சிசிபிக்கு *முன்னால்*, நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே ஒரு இடத்தில் சேர்க்க வேண்டும். வீட்டில் வேறெங்கும் சேரக்கூடாது. ஜெனரேட்டர் வைத்திருந்து அதற்குள்ளேயும் இதே இணைப்பு இருந்தால் இரண்டாகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்த்த பிறகு ஒரு பேஸ் கம்பி காரின் உடம்பைத் தொட்டால், மின்சாரம் எர்த் கம்பி வழியாகவே இன்வெர்ட்டருக்குத் திரும்பிவிடும், கணக்கு உதைப்பதைப் பார்த்து ஆர்சிசிபியும் துண்டித்துவிடும். பாறை மண்ணில் உங்கள் குழியின் தடை நூறு ஓம் இருந்தாலும் இந்தச் சுற்றுக்கு அது பொருட்டில்லை. இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். எர்த் கம்பி வேறு வேலை, எர்த் குழி வேறு வேலை.

ஆனால் சேர்ப்பதற்கு முன் இரண்டு சோதனை. ஒன்று, இன்வெர்ட்டரின் கையேட்டில் நியூட்ரலை எர்த் செய்யலாமா என்று பாருங்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத வகைகளில் பேனல் பக்கமும் ஏசி பக்கமும் உள்ளே தொட்டுக்கொண்டே இருக்கும். அதில் பேனலின் அலுமினியச் சட்டத்தை எர்த் செய்யலாம், பேனலின் மைனஸ் கம்பியைச் செய்யவே கூடாது. இரண்டு, பழைய டெஸ்ட் லாம்பை, அதாவது 60 வாட் குண்டு பல்பை, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடியுங்கள். எரியவில்லை என்றால் அந்த 118 வெறும் ஆவி வோல்ட்டேஜ், மீட்டரில் தெரியுமே தவிர பலம் கிடையாது, சேர்க்கலாம். எரிந்தால் கையை எடுத்துவிட்டு இன்வெர்ட்டர் விற்றவரைக் கூப்பிடுங்கள்.

ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர். கடையில் சாதாரணமாகக் கொடுப்பது ஏசி வகை. காரின் சார்ஜரிலிருந்து டிசி கசிந்தால் அதன் காது அடைத்துவிடும். குறைந்தது ஏ வகை கேளுங்கள். கார் சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவுக் காவல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பி வகைதான் வேண்டும், விலை கசக்கும். எதுவானாலும் காருக்கென்று தனியாகப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை · ஜனவரி 10, முற்பகல் 11:20

எல்லாம் சரி. பேனல், பேட்டரி, ஆர்சிசிபி என்று கொட்டும் காசுக்குப் பழைய டீசல் ஜீப் ஒன்று பத்து ஆண்டு ஓடும். மலையில் மின்கார் வைப்பது ஆசைக்கு மட்டும்தான்.

மிளகுக்கொடி · ஜனவரி 10, பிற்பகல் 1:05

ஜீப்பை விற்றுத்தான் கார் வாங்கினேன். டீசலுக்கே 45 கிலோமீட்டர் இறங்க வேண்டும். கேனில் ஏற்றிவந்து வைத்தால் வீடு முழுக்க வாடை. ஒரு குறையை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். சத்தமில்லாமல் வருவதால் இரவில் காட்டுமாடுகள் சாலையை விட்டு விலகுவதில்லை. ஜீப் வரும்போது எழுந்து போய்விடும்.

கொல்லிமலைக்காரன் · ஜனவரி 10, இரவு 9:48

மூன்று ஆண்டுகளாக இதே கூத்தை நடத்திக்கொண்டிருப்பவன் நான். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே வீடு, மின்கம்பி இல்லை. ஓம்விதி ஐயா எர்த் கதையை முடித்துவிட்டார். உங்கள் இன்வெர்ட்டர் ஏன் அணைந்தது என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் யூனிட் கணக்கு. 90 கிலோமீட்டருக்குச் சமவெளியில் பத்து யூனிட் போதும். உங்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம் இருக்கிறது. காரும் ஆட்களும் சாமானும் 1,400 கிலோ என்றால் அந்த எடையை ஆயிரம் மீட்டர் தூக்க மட்டும் 3.8 யூனிட். இறங்கும்போது பாதிக்கு மேல் திரும்ப வரும். ஆக ஒரு நடைக்குப் பன்னிரண்டு, இரண்டு நடைக்கு இருபத்துநான்கு. சார்ஜ் ஏறும்போது போகும் இழப்பையும் சேர்த்தால் வாரத்துக்கு முப்பது யூனிட், நாளுக்கு நான்கு சொச்சம். உங்கள் பேனல் 3.27 கிலோவாட். மஞ்சையும் மேகத்தையும் கழித்துக்கூட ஒன்பது பத்து யூனிட் வரும். வீட்டுக்கு நான்கு போனால் மீதி ஐந்து. யூனிட்டில் உங்களுக்குக் குறையே இல்லை!

குறை வேகத்தில் இருக்கிறது. அந்த 15 ஆம்பியர் சார்ஜர் மூன்று கிலோவாட் கேட்கும். வீட்டுச் செலவும் இன்வெர்ட்டர் இழப்பும் சேர்ந்தால் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து எண்பது ஆம்பியர் போல இழுக்கும். உங்கள் 150 ஏஎச் பேட்டரிக்கு அந்த 150 என்பது பத்து மணி நேரத்தில் நிதானமாக, 15 ஆம்பியராக எடுத்தால் கிடைக்கிற கணக்கு. ஐந்து மடங்கு வேகத்தில் உறிஞ்சினால் வோல்ட்டேஜ் சரிந்து விழும். மஞ்சு மூடிய நான்கு மணிக்குப் பேனலும் கைகொடுக்காது. இருபது நிமிடம் தாங்கியதே பெரிது.

கொல்லிமலைக்காரன் · ஜனவரி 10, இரவு 10:10

விட்டுப்போனது: ஆம்பியரைக் குறைக்கிற வசதியுள்ள சார்ஜர் வாங்குங்கள். சார்ஜர் காரிடம் ‘இவ்வளவுதான் எடுக்கலாம்’ என்று ஒரு மெல்லிய சிக்னலில் சொல்லும், கார் அதற்குக் கட்டுப்படும். மின்கார் சார்ஜிங்குக்கான ஐஇசி 61851 என்ற சர்வதேச விதிப்படி அதன் கீழ்மட்டம் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் 1.4 கிலோவாட் சுமார். அதற்குக் கீழே போக முடியாது, ஆகவே அந்த 1.4-தான் உங்கள் வீட்டுக்கு வந்த புது விருந்தாளி. ஒன்றரைக் குதிரை மோட்டாரை நான்கு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் · ஜனவரி 11, காலை 6:55

அண்ணா, ஒரு அடிப்படைக் கேள்வி. பேனல் தருவது டிசி, கார் பேட்டரியும் டிசி. நடுவில் ஏசியாக்கி மறுபடி டிசியாக்குவது எதற்கு? பேனலை நேரே காரில் மாட்டினால் என்ன?

ஓம்விதி58 · ஜனவரி 11, காலை 8:30

நியாயமான கேள்வி தம்பி. காரின் பேட்டரி 300 வோல்ட்டுக்கு மேல். அதன் டிசி வாய் பூட்டிய வாய். வெளியே நிற்கும் சார்ஜர் காரோடு பேசி, எங்கும் கசிவில்லாதபடி காப்புத்தடை சரியா என்று சோதித்துக் காட்டி, கார் கேட்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் நொடிக்கு நொடி கொடுத்தால்தான் உள்ளேயிருக்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் இணையும். பேனலுக்கு அந்தப் பாஷை தெரியாது. பூட்டை உடைத்து நேரே மாட்ட நினைத்தால் வாரண்டியோடு வீடும் போகலாம். ஏசி வழியில் பதினைந்து இருபது சதவீதம் போனால் போகட்டும்.

வடமராட்சி வாசி · ஜனவரி 11, முற்பகல் 10:40

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2022 மார்ச் கடைசியில் இங்கே ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. எரிபொருளுக்கு வரிசை. என்னிடம் பழைய நிசான் லீஃப் மின்கார் இருந்தது, கூரையில் சூரிய மின்கலங்களும் இருந்தன. ஆனாலும் கார் நின்ற இடத்திலேயே நின்றது. ஏனென்றால் ஊர் மின் கட்டமைப்போடு இணைத்த இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் தானும் அணைந்துவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பிறகுதான் பேட்டரியுடன் கூடிய தொகுதிக்கு மாறினேன்.

நான் அளந்து பார்த்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 6 ஆம்பியரில் மீட்டரில் 1.4 கிலோவாட் போகும்போது கார் பேட்டரிக்குள் 1.1 மட்டுமே சேர்ந்தது. 14 ஆம்பியரில் 3.2 போகும்போது 2.85 சேர்ந்தது. கார் விழித்திருப்பதற்கே ஒரு பங்கு செலவாகிறது, அது மெதுவாக ஏற்றினாலும் குறைவதில்லை. வெயில் நன்றாக இருந்தால் 8, 10 என்று கூட்டிக்கொள்வது நல்லது.

மிளகுக்கொடி · ஜனவரி 11, இரவு 7:20

அனைவருக்கும் நன்றி. அப்படியானால் காலை எட்டு மணிக்கே 6 ஆம்பியரில் மாட்டிவிட்டால் பன்னிரண்டு மணிக்குள் கார் ஐந்தரை யூனிட் எடுத்திருக்கும். பேட்டரியை மாற்றவே வேண்டாம் போலிருக்கிறதே?

கொல்லிமலைக்காரன் · ஜனவரி 11, இரவு 9:30

நானும் முதல் ஆண்டு இப்படித்தான் நினைத்தேன். ஒரே ஆண்டில் நான்கு டியூபுலர் பேட்டரியும் போயின.

ஈய பேட்டரியைத் தினமும் நிரப்பியே ஆக வேண்டும். கடைசி இருபது சதவீதம் ஆமை வேகத்தில்தான் ஏறும், இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். காலை வெயிலைக் கார் தின்றுவிட்டால் பேட்டரிக்கு மத்தியான வெயில் வேண்டும். உங்களுக்கு மத்தியானம் மஞ்சு. ஒருநாள் அரைகுறை, இரண்டு நாள் அரைகுறை என்று போய், தகட்டில் சல்பேட் படிந்து, ஆறு மாதத்தில் 150 என்று எழுதியிருக்கும் பேட்டரி 70-க்கு வந்துவிடும். கார்தான் கொன்றது என்று யாருக்கும் தெரியாது, பேட்டரிக் கம்பெனியைத்தான் திட்டுவோம். நானும் திட்டினேன்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தப் பிடிவாதம் இல்லை. பாதியில் நிறுத்தினாலும் கோபித்துக்கொள்ளாது. 51.2 வோல்ட் 100 ஏஎச் ஒன்று ஐந்து யூனிட் வைத்திருக்கும். பழைய ஈய பேட்டரியோடு சேர்த்து இணைக்காதீர்கள், இரண்டுக்கும் சார்ஜ் வோல்ட் வேறு. இன்வெர்ட்டரில் அமைப்பை மாற்றுங்கள்.

அதைவிட முக்கியம் பேனல். இப்போது இருக்கிற ஆறும் தெற்குப் பார்த்தவைதானே? இன்னும் நான்கு வாங்கி அவற்றைக் *கிழக்குப் பார்த்து*, நல்ல சாய்வில் வையுங்கள். நம் மலையில் பிற்பகல் வெயிலை நம்புவதே தவறு. எட்டு மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் பிடிக்க வேண்டியதைப் பிடித்துவிட வேண்டும். விற்பனையாளர்கள் சமவெளிக் கணக்கில் தெற்கு என்றே சொல்வார்கள்.

அப்புறம், சாக்கெட். சுவரில் இருக்கும் 15 ஆம்பியர் சாக்கெட் அயர்ன் பாக்ஸுக்கும் கீசருக்கும் அரை மணி நேரம் தாங்கும். தினமும் ஐந்து மணி நேரம் தாங்காது. என்னுடையது பழுப்பாகி, இளகி, பிளக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நீல நிறத்தில் தொழிற்சாலைகளில் பார்ப்போமே, மூன்று முள் வட்ட சாக்கெட், அதை மாட்டுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அளவுக்கு மீறி இழுத்தால் துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்சிபி.

கொல்லிமலைக்காரன் · ஜனவரி 11, இரவு 9:41

ஒன்று மறந்துவிட்டேன், மலைக்காரர்களுக்கு மட்டும். மேலே வீட்டில் நூறு சதவீதம் நிரப்பிவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரிக்குள் திரும்ப வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. மோட்டார் பிரேக் பிடிக்காது, இறக்கம் முழுக்கக் காலால்தான் பிடித்துவர வேண்டும். முதல் தடவை நான் பாதி வழியில் பிரேக் வாடை அடித்து நிறுத்திவிட்டேன். 85-இல் நிறுத்துங்கள். அடிவாரத்துக்குப் போவதற்குள் ஓரிரு சதவீதம் கூடியேகூட இருக்கும்.

வயரிங் மாரி · ஜனவரி 13, இரவு 8:05

ஓம்விதி ஐயா, நான்கு வீட்டிலும் துண்டு வயரை எடுத்துவிட்டேன். நான்கும் இன்வெர்ட்டர் வீடுகள். மூன்றில் நீங்கள் சொன்னபடி ஆர்சிசிபிக்கு முன்னால் சேர்த்தேன், பச்சை எரிகிறது. நான்காவது வீட்டில் பல்பு எரிந்தது. சேர்க்காமல் வந்துவிட்டேன். துண்டு வயரையும் கழற்றிவிட்டதால் அவர் என்மேல் கோபமாக இருக்கிறார்.

ஓம்விதி58 · ஜனவரி 13, இரவு 8:50

கோபமாக இருக்கட்டும். நீங்கள் செய்தது சரி. அந்த இன்வெர்ட்டரின் மாடல் எண்ணைத் தனியாக அனுப்புங்கள், பார்க்கிறேன்.

மிளகுக்கொடி · மே 4, மாலை 6:15

நான்கு மாதம் கழித்து வருகிறேன். பொறுத்துக்கொள்ளவும், காப்பி பறிப்பு.

செய்தவை: நியூட்ரல்-எர்த் இணைப்பு ஒரே இடத்தில். பல்பு எரியவில்லை, சார்ஜரில் பச்சை வந்தது. கிழக்குப் பார்த்து நான்கு பேனல். ஈய பேட்டரியை விற்றுவிட்டு லித்தியம் ஒன்று. நீல சாக்கெட். 6-இலிருந்து 16 வரை மாற்றக்கூடிய சார்ஜர்.

பிப்ரவரி, மார்ச்சில் பிரமாதம். காலை எட்டரைக்கு 6 ஆம்பியர், பத்து மணிக்கு நானே போய் 10 ஆக்குவேன், மஞ்சு எட்டிப்பார்த்தால் நிறுத்திவிடுவேன். வாரத்தில் நான்கு நாள் மாட்டினாலே போதுமாக இருக்கிறது. தானாகக் கூட்டிக் குறைக்கும் கருவி உண்டு என்றார்கள். எனக்கு இந்த நடமாட்டம் பிடித்திருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டேன்.

ஏப்ரலில் கோடைமழை. தொடர்ந்து மூன்று நாள் இருட்டு. கீழே போயிருந்தபோது வத்தலக்குண்டில் தம்பி வீட்டில் இரவு மாட்டி ஏற்றிக்கொண்டு வந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும் என்று மனதைத் தயார்ப்படுத்தி வைத்திருக்கிறேன். அந்த இரண்டு மாதத்துக்காக இன்னும் ஒரு பேட்டரி வாங்குவது வீண்.

இடி மட்டும் பயமாக இருக்கிறது. வானம் கறுத்தால் சார்ஜரைக் கழற்றி உள்ளே கொண்டுவந்துவிடுகிறேன்.

ஓம்விதி58 · மே 4, இரவு 8:20

கழற்றுவது நல்ல பழக்கம். பேனல் பக்கம் டிசிக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என்று சர்ஜ் காப்பான், அதாவது இடியில் எகிறும் வோல்ட்டேஜை மண்ணுக்குத் தள்ளும் கருவி, போட்டுவிடுங்கள். அந்தக் கரியும் உப்பும் போட்ட குழிக்கு இப்போதுதான் வேலை. தண்ணீர் ஊற்றுவதை விடாதீர்கள்.

ஒரு கேள்வி. ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துகிறீர்களா?

மிளகுக்கொடி · மே 5, காலை 9:10

இன்று காலைதான் முதன்முறையாக அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. கார் நின்றது. ஃப்ரிட்ஜும் நின்றது, கிரைண்டரும் நின்றது. மாவு பாதியில் நிற்கிறது. வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

ஓம்விதி58 · மே 5, காலை 9:25

காருக்குத் தனி ஆர்சிசிபி என்று ஜனவரியிலேயே எழுதினேனே?

வயரிங் மாரி · மே 5, காலை 9:40

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன் ஐயா. ஏ வகை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மாட்டிக் கொடுக்கிறேன்.